பருவை மறைக்கும் கையும் பாரதிக்கு மீசை ஒட்டும் கையும்

கேள்வி: அக்கா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே முகம் முழுக்கப் பரு, இரண்டு கன்னத்திலும் கறுப்புத் தழும்பு. வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு, அதை எழுத விருப்பமில்லை. என் தோழிக்கு உதட்டில் பிறவிப் பிளவைத் தைத்த தழும்பு இருக்கிறது. அவள் அருமையாகப் படம் வரைவாள். போன கோடை விடுமுறையில் ஒருவருக்கொருவர் மேக்கப் போட்டுப் பழக ஆரம்பித்தோம். இப்போது ஆண்டு விழா நாடகத்துக்கு ஒப்பனை நாங்களே செய்கிறோம் என்று கேட்டோம், தமிழ் ஐயாவும் சரி என்றுவிட்டார். பாரதியார், கட்டபொம்மன், ஔவையார் என்று மொத்தம் 11 பேர். என் பிரச்சினை இதுதான்: ஃபவுண்டேஷன் போடாமல் டியூஷனுக்குக்கூட என்னால் போக முடியவில்லை. அம்மா தினமும் திட்டுகிறார். தோழியோ எங்கள் இருவர் முகத்தையும் வைத்து 'முன்னே – பின்னே' வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாம் என்கிறாள். எனக்கு இஷ்டமில்லை, ஆனால் சொன்னால் கூட்டணி உடைந்துவிடுமோ என்று பயம். கடைசியாக, இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? பெயரும் ஊரும் வேண்டாம் அக்கா.

பதில்:

தங்கச்சி, இவ்வளவு எழுதியும் பருவுக்கு வைத்தியம் பார்த்தாயா என்பதை மட்டும் எழுதவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மேடை ஒப்பனைக்காரி, டாக்டர் இல்லை. ஆனாலும் பரு இருக்கும் முகங்களை என் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கிரீமுக்குச் செலவழித்த காசில் கால்வாசிகூட வைத்தியத்துக்குப் போயிருக்காது.

உன் வயதில் பரு வராதவர்கள்தான் குறைவு. ஹார்மோன் ஏறும்போது தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கிறது, துவாரம் அடைபடுகிறது, வீங்குகிறது. அழுக்கால் வருவதில்லை, அதனால் நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு எடுத்துக் காட்டிவிடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: பரு மருந்து பலன் காட்டவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் 'இது சரிப்படவில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். கிள்ளாதே. நம் நிறத்துத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். சன்ஸ்கிரீன் ஒன்று போதும், மீதி எல்லாம் டாக்டர் சொல்வது.

மெடிக்கல் ஷாப்பில் 'முகம் பளிச்சென்று ஆகும்' என்று எடுத்துக் கொடுக்கும் சிறிய டியூப்பை மட்டும் தொடவே தொடாதே. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் வெளுக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் பரு இரண்டு மடங்காக வரும். பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்கள் இதைவிட மோசம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, காரணம் தேடிப் போனபோது அவர்கள் பூசிய பாதரசம் கலந்த கிரீமில் வந்து நின்றது. இந்தப் பத்தியை அம்மாவிடம் படித்துக் காட்டு. 'பூச்சு வேண்டாம்' என்று திட்டுகிற அம்மாவிடம் 'அப்போ டாக்டரிடம் கூட்டிப் போங்கள்' என்று கேட்பது நியாயமான பேரம்தான்.

இனி ஃபவுண்டேஷன். மறைப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் என் தொழிலுக்கே துரோகம். அமெரிக்காவில் லிடியா ஓ'லியரி என்று ஒரு பெண். பிறக்கும்போதே முகத்தில் பெரிய செம்மச்சம். அதை மூடுவதற்காக அவரே ஒரு கெட்டியான கிரீமை உருவாக்கி, 1928-இல் 'கவர்மார்க்' என்ற பெயரில் கொண்டுவந்தார். 1932-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். தழும்பையும் மச்சத்தையும் மூடும் ஒப்பனை தனி வித்தையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் இதைச் சேவையாகவே பல வருடம் சொல்லிக் கொடுத்தது. ஆக, நீ செய்வது வெட்கப்படும் காரியம் ஒன்றும் இல்லை. உன்னைத் தொந்தரவு செய்வது வேறு: நீ பூச்சை உபயோகித்தது போய், பூச்சு உன்னை வெளியே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டது.

இதற்கு ஒப்பனைக்காரி சொல்லும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. முகம் முழுக்கப் பூசுவதை நிறுத்து. ஃபவுண்டேஷன் நிறத்தைத்தான் மறைக்கும், மேடு பள்ளத்தை மறைக்காது. கெட்டியாகப் பூசினால் ஐந்தடி தள்ளி நிற்பவருக்கு முகம் சமமாகத் தெரியும், பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குப் பூச்சுதான் தெரியும். டியூஷனில் எல்லாரும் பக்கத்து பெஞ்ச்தானே? அதிலும் கடையில் நம் நிறத்துக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகத்தான் எடுத்துத் தருவார்கள். முகம் சாம்பல் பூத்த மாதிரி, கழுத்து வேறு நிறமாக நிற்கும். தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கு. அப்புறம் மெல்லிய பிரஷ்ஷால் கறுத்த புள்ளியின் மேல் மட்டும் ஆரஞ்சுச் சாயல் உள்ள கன்சீலரை ஒற்று, அதன் மேல் உன் நிறத்தில் ஒரு புள்ளி, ஓரத்தை விரல் நுனியால் தட்டிக் கரைத்துவிடு. மீதித் தோலை அப்படியே விடு. இது பழகுவதற்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் முழுப் பூச்சை விட நூறு மடங்கு நல்ல வேலை. பார்க்கிற கண்ணுக்குத் தோல் தெரியும், புள்ளி தெரியாது.

புள்ளி வைப்பது கைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் குறை. முதலில் பழைய கறுப்புத் தழும்பை விட்டுவிட்டுப் புதுப் பருவுக்கு மட்டும் வை. அப்புறம் வாரத்தில் ஒரு நாள், உனக்குப் பிடித்த டியூஷனுக்கு, சன்ஸ்கிரீனோடு மட்டும் போ. பிடிக்காத சாரின் வகுப்பில் சோதனை செய்யாதே, அன்றைக்கு எது நடந்தாலும் முகத்தின் மேல் பழி விழும். இதையும் செய்ய முடியவில்லை, கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நேரம் போகிறது, பள்ளிக்கே போகப் பிடிக்கவில்லை என்று ஆனால் அது ஒப்பனைக்காரி தீர்க்கிற விஷயம் இல்லை. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய். மனநல ஆலோசனைக்கான அரசு எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்தப் பட்டப்பெயரையும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நாடகத்துக்குச் சரி சொன்ன தமிழ் ஐயாவிடமே சொல்லலாம்.

ஒத்திகை நாட்களுக்கு ஒரு கட்டளை: நீயும் தோழியும் வெறும் முகத்தோடுதான் வேலை செய்ய வேண்டும். முதல் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். அரையடி தூரத்தில் கட்டபொம்மன் உட்கார்ந்திருப்பான், உன் முகம் அவன் முகத்துக்கு நேரே இருக்கும். பரு எல்லாம் தெரியுமே என்று உனக்கு நடுங்கும். ஆனால் அவனைக் கவனி. கண்ணை மூடச் சொன்னால் மூடியிருப்பான். திறக்கச் சொன்னால் உன் தோளுக்கு மேலே இருக்கும் கண்ணாடியைத்தான் எட்டிப் பார்ப்பான். 'அக்கா, மீசை கோணலா இருக்கா?' என்பான். ஒப்பனை நாற்காலியில் உட்காருகிறவர்கள் யாரும் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பெரிய நடிகரானாலும் சரி, கல்யாணப் பெண்ணானாலும் சரி. அவரவர் மூக்கு, அவரவர் நெற்றி, அவரவர் கவலை. நீ கன்னத்துத் தழும்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உன் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் பல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். 11 பேருக்கு ஒப்பனை போட்டு முடிக்கும்போது இது உனக்கே தெரிந்துவிடும், நான் சொல்லித் தெரிவதை விட நன்றாக.

இன்னொன்றும் நடக்கும். ஔவையாருக்குச் சுருக்கம் போடும்போது அந்தப் பெண்ணின் முகத்தை நீ அழகா அழகில்லையா என்று பார்க்க மாட்டாய். நெற்றி எங்கே மடிகிறது, கன்ன எலும்புக்குக் கீழே நிழல் எங்கே விழுகிறது என்றுதான் பார்ப்பாய். அந்தப் பார்வை பழகிவிட்டால், கண்ணாடியில் உன் முகத்தையும் கொஞ்ச நேரமாவது அப்படிப் பார்க்க முடியும். எங்கள் தொழிலில் இருக்கிற பலருக்கு இது நடந்திருக்கிறது.

சரி, தோழி விஷயத்துக்கு வருவோம். கேரளத்தில் செறுதுருத்தி என்ற ஊரில் கலாமண்டலம் இருக்கிறது, மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் முன்னின்று 1930-இல் தொடங்கியது. கதகளி ஆட்டத்தைப் போலவே அதற்கான முக ஒப்பனையான சுட்டியும் அங்கே தனிப் படிப்பு. ஆட்டக்காரர் முதலில் தன் கையாலேயே முகத்தில் கோடுகளைப் போட்டுக்கொள்வார். அப்புறம் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து, அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து, தாடையோரம் வெள்ளை விளிம்பை எழுப்பி, காகிதத்தை வெட்டி ஒட்டுவார். மணிக்கணக்கில் ஆகும், சிலர் தூங்கியேவிடுவார்கள். கடைசியில் எழுந்து உட்கார்ந்து, கண்ணையும் மீதி நகாசையும் மறுபடி ஆட்டக்காரரே முடிப்பார். ஒரே முகம், இரண்டு பேர் கை, எது யாருடைய வேலை என்பதில் குழப்பமே கிடையாது. உங்கள் கூட்டணிக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

அவள் வரைவாள் என்கிறாய். அப்படியானால் 11 பாத்திரங்களுக்கும் தாளில் முகம் வரைந்து நிறம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அடித்தளம் பூசுவது, நிறம் கலப்பது உன் வேலை. தோலின் நிறங்களை அவளை விட நீ அதிகம் உற்றுப் பார்த்திருப்பாய், வேறு காரணத்துக்காக என்றாலும். கோடு, மீசை, சுருக்கம் மறுபடி அவள் கைக்கு. கடைசியாகப் பத்தாவது வரிசையில் போய் நின்று பார்த்து, 'புருவம் பத்தாது' என்று கத்துவது நீ. விழா அழைப்பிதழில் ஒப்பனை என்ற இடத்தில் இரண்டு பேர் பெயரும் போடச் சொல்லி ஐயாவிடம் இப்போதே கேளுங்கள். அச்சுக்குப் போன பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

வீடியோவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. சுற்றி வளைக்காமல் சொல்: "உன் தழும்பைக் காட்டுறது உன் இஷ்டம்டி. என் பருவைக் காட்டுறது என் இஷ்டம். எனக்கு இப்ப வேண்டாம்." அவள் தன் உதட்டைத் தயங்காமல் காட்டத் தயாராக இருக்கிறாள் என்றால் அது அவள் வந்து சேர்ந்த இடம். நீயும் அங்கேயே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவள் பக்கத்தையும் யோசித்துப் பார். சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதடோ அண்ணமோ பிளவுபட்டுப் பிறக்கிறது. அப்படிப் பிறந்த ஒரு சின்னப் பெண் அவள் வீடியோவைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் கேட்டுவிட்டுப் போடட்டும், பின்னூட்டத்தில் வருகிற அசிங்கத்தைப் படிக்கப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். உன் பங்குக்கு முகம் இல்லாத வீடியோவே எடுக்கலாம்: நிறம் கலக்கும் கை, வரைந்த தாள், வெறும் தலை ஔவையார் தலையாக மாறுவது. நடிக்கும் பிள்ளைகளின் வெறும் முகத்தையும் அவர்களையும் பெற்றோரையும் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள். இவ்வளவு சொல்லியும் கூட்டணி உடைந்தால்? உடையாது என்றுதான் நினைக்கிறேன். ஒரு கோடைக்காலம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவரிடம் நம்பிக் கொடுத்தவர்கள் நீங்கள்.

இனி நாடகம். இதைத்தான் நான் ஆசையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பள்ளி ஆண்டு விழாவில் பாரதியாரின் மீசை கழன்று விழுவது தமிழ்நாட்டின் மரபு. காரணம் எப்போதும் ஒன்றுதான்: பவுடர் போட்ட தோல் மேல் பசை தடவுவார்கள். மீசை வரும் இடத்தை வியர்வை, எண்ணெய் இல்லாமல் துடைத்து, பூச்சே படாமல் விட்டுவிடு. ஒட்டு மீசைக்கான பசையான ஸ்பிரிட் கம்மை மெல்லிசாகத் தடவி, விரலால் தட்டித் தட்டி அது பிசுபிசுப்புக்கு வந்த பிறகுதான் கிரேப் முடியை (மீசை, தாடி செய்யும் ஒட்டு முடி) வைத்து ஈரத் துணியால் அழுத்த வேண்டும். எடுக்கும்போது அதற்கான ரிமூவர்தான், பிய்த்து இழுக்கக் கூடாது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை முகத்துக்குக் கொண்டுவராதே. இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பக்கத்தில் விடாதே. விழாவுக்கு இரண்டு நாள் முன்பே கம்மை ஒவ்வொருவர் முழங்கையின் உள்பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடு. அரிப்பு வந்தாலோ, மேலுதட்டில் பரு இருந்தாலோ அந்தப் பையனுக்குப் பென்சில் மீசைதான். கறுப்பு மட்டும் போட்டால் கரி இழுத்த மாதிரி இருக்கும், பழுப்பும் கறுப்பும் கலந்து முடி முடியாகக் கோடு இழு. உன் தோழி இதில் பிரமாதப்படுத்துவாள்.

ஔவையாருக்குச் சுருக்கத்தை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். அந்தப் பெண்ணை முகத்தைச் சுளிக்கச் சொல், சிரிக்கச் சொல், மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் பழுப்புக் கோடு. கோட்டின் ஒரு ஓரத்தைக் கரைத்துவிட்டு, மறு ஓரத்தை ஒட்டி வெளிர் நிறம் கொஞ்சம் வை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பள்ளம் தெரியும். தலைக்கு டால்கம் பவுடர் கொட்டாதே, ஒவ்வொரு தடவை தலையை ஆட்டும்போதும் புகை கிளம்பும், அரங்கமே சிரிக்கும். வெள்ளை கிரீம் பெயிண்டை பழைய டூத் பிரஷ்ஷால் முடியின் மேல் இழுத்தால் போதும். கையையும் மறக்காதீர்கள். பள்ளி நாடகங்களில் முகம் எண்பது வயது, கை பதினாறு வயது.

லைட் போடுகிற அண்ணனிடம் என்ன நிறம் போடப்போகிறார் என்று முன்கூட்டியே கேள். நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும். நீ ஆசையாகப் போட்ட உதட்டுச் சாயம் வெற்றிலை போட்ட பல் மாதிரி ஆகிவிடும்.

நேரக் கணக்கு: பெரிய வேடம் மூன்றுக்கும் தலைக்கு அரை மணி, மற்ற எட்டுப் பேருக்குப் பத்துப் பத்து நிமிடம். இரண்டு பேரும் சேர்ந்து ஓய்வில்லாமல் செய்தால் ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள். மாற்றி மாற்றிக் கை கொடுப்பது பெரிய வேடங்களுக்கு மட்டும், மற்றவர்களை ஆளுக்கு நாலு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஔவையார் முதலில், மீசைக்காரர்கள் கடைசியில்.

சுத்தம் பற்றி இரண்டு வார்த்தை, ஆனால் இது விட்டுக்கொடுக்க முடியாதது. கண் மை, மஸ்காரா, லிப்ஸ்டிக் எதையும் நேரடியாக ஒருவர் பின் ஒருவருக்குப் போடக் கூடாது. மெட்ராஸ் ஐ வந்தால் நாடகமே படுத்துவிடும். லிப்ஸ்டிக்கைச் சுரண்டித் தட்டில் எடுத்து, ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியால் போடு. முடிந்ததும் கலைக்க மேடைக்காரர்கள் தேங்காய் எண்ணெய்தான் எடுப்பார்கள். பரு உள்ள முகத்துக்கு அது ஆகாது, துவாரத்தை இன்னும் அடைக்கும். உனக்கும் பரு இருக்கிற மற்றவர்களுக்கும் ஒப்பனை கலைக்கும் மைசெல்லார் தண்ணீர், அப்புறம் மிதமான ஃபேஸ் வாஷ். அசதியில் பூச்சோடு படுத்துவிடாதே.

அம்மாவைப் பற்றி ஒரு யோசனை. ஔவையார் ஒத்திகைக்கு அவரை உட்கார வை. முதலில் மறுப்பார், அப்புறம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மகள் வீட்டில் பூசிக்கொள்வதை மட்டுமே பார்த்தவருக்கு, மகள் ஒரு வேலை செய்வதைப் பார்க்கும் வாய்ப்பு அது. படிப்பு பற்றிய அவர் பயத்துக்கு ஒரே பதில் காலாண்டு மதிப்பெண்தான், அதில் நான் உதவ முடியாது.

தொழிலாகச் செய்யலாமா என்றால், செய்யலாம். பெண்களுக்கு இந்தக் கதவு லேசில் திறக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். மும்பை சினிமாவில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு ஒப்பனைக்காரர் அட்டையே தராமல் வைத்திருந்தது, தலை அலங்காரம் மட்டும்தான் பெண்களுக்கு. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஐடிஐ-யில் அழகுக்கலைக்கு ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலே சேரலாம், ஆனாலும் நீ பிளஸ் டூ-வை முடித்துவிடு, முடிந்தால் ஒரு டிகிரியும். கல்யாண மேக்கப்பில் நல்ல காசு உண்டு, ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அந்த மாதங்களுக்கும் வீட்டு வாடகை கட்ட வேண்டும். நாடகம், நடனம், குறும்படம் எல்லாவற்றிலும் கை பழகினவர்கள்தான் அதைத் தாக்குப் பிடிக்கிறார்கள். இப்போதைக்கு ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு வேடத்துக்கும் அவள் வரைந்த தாள், நீ கலந்த நிறங்கள், எவ்வளவு நேரம் ஆனது, எது கழன்றது என்று எழுதி வை. நாளைக்கு யாரிடமாவது உதவியாளராகச் சேரப் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ. இன்ஸ்டாகிராமை விட அதைத்தான் நாங்கள் புரட்டிப் பார்ப்போம்.